குளிரில் உடையும் இரும்பு, குளிரில் முறுக்கேறும் எவர்சில்வர்

சென்ற இதழில் ஒரு பதிலில், திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் இருக்கும் என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, கடுங்குளிரில் உலோகங்கள் என்ன ஆகின்றன என்பதை மட்டும் இந்த முறை பேசுவோம்.

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மகேந்திரகிரியில் இஸ்ரோ கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருளில் ஓடும்) என்ஜின்களைச் சோதிக்கிறது. ரப்பர் குழாயைத் திரவ நைட்ரஜனில் முக்கித் தட்டினால் கண்ணாடி மாதிரி உடைவதைக் கல்லூரியில் காட்டினார்கள். அப்படியென்றால் ராக்கெட் டேங்க் மட்டும் எப்படி உடையாமல் நிற்கிறது? குளிரில் உலோகம் பலவீனமாகாதா சார்?
– கல்லூரி மாணவர், பணகுடி

தம்பி, பலவீனமாகாது. குளிரக் குளிர உலோகத்தின் பலம் கூடத்தான் செய்யும், இரும்பு உட்பட. சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பியைத் திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரிக்குக் கொண்டுபோய் இழுத்தால், அது வளைந்து கொடுக்கத் தொடங்குவதற்கு ஏறக்குறைய மூன்று மடங்கு விசை தேவைப்படும். ஆனால் அதே கம்பியில் ஒரு சின்ன வெட்டு இருந்து, சுத்தியலால் ஒரு அடி அடித்தால் படக்கென்று இரண்டாகிவிடும்.

குழப்பம் இங்கேதான் வருகிறது. 'பலம்' என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வேறு குணங்களைச் சொல்லிவிடுகிறோம். எவ்வளவு இழுத்தால் உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்குகிறது என்பது ஒன்று, அதுதான் வலிமை. ஏற்கனவே ஒரு விரிசல் இருக்கும்போது அதை மேலே ஓடவிடாமல் பிடித்து நிறுத்துவது இன்னொன்று, இதை என்ஜினியர்கள் டஃப்னஸ் என்பார்கள். கொல்லுப்பட்டறையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அரிவாளுக்குத் தோய்ச்சல் கூடிப்போனால் கூர் நன்றாக நிற்கும், ஆனால் கல்லில் பட்டால் பல் விழுந்துவிடும். வலிமை ஏறியது, டஃப்னஸ் போய்விட்டது.

குளிர் இந்த இரண்டாவது குணத்தை எல்லா உலோகத்திடமிருந்தும் பறிப்பதில்லை. அது அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஒரு பெரிய ஜமக்காளத்தை அப்படியே முழுசாக இழுத்து நகர்த்துவது கஷ்டம், ஒரு ஓரத்தில் மடிப்பு ஒன்றை உண்டாக்கி அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டே போனால் சுலபம். உலோகம் வளைவதும் அப்படித்தான், உள்ளே அணு வரிசைகளில் இருக்கும் மடிப்பு போன்ற கோளாறுகள் ஒவ்வொரு வரிசையாக நகர்ந்து போவதால்தான் அது உடையாமல் வளைகிறது. இதற்கு டிஸ்லொகேஷன் என்று பெயர். பள்ளி வேதியியலில் படித்திருப்பீர்கள், முகப்புமையக் கனசதுரம், பொருள்மையக் கனசதுரம் என்று. அலுமினியம், செம்பு, நிக்கல், நாம் எவர்சில்வர் என்று சொல்லும் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எல்லாம் முதல் ரகம். இவற்றில் அந்த மடிப்பு நகர வெப்பத்தின் உதவி பெரிதாகத் தேவையில்லை, எத்தனை குளிரிலும் ஓடும். சாதாரண இரும்பும் எஃகும் இரண்டாவது ரகம். இதில் மடிப்பு நகர, அணுக்களின் வெப்ப அதிர்வு கொஞ்சம் கை கொடுக்க வேண்டும். குளிரில் அந்த அதிர்வு அடங்கிவிடுவதால் மடிப்பு உறைந்து நின்றுவிடுகிறது, வளையத் தேவையான விசை ஏறிக்கொண்டே போகிறது, ஒரு கட்டத்தில் 'வளைவதைவிடப் பிளந்துகொள்வது சுலபம்' என்ற நிலை வருகிறது. அங்கேதான் எஃகு கண்ணாடி போல நடந்துகொள்கிறது.

இப்போது உங்கள் ராக்கெட். இஸ்ரோவின் எல்.வி.எம்-3 ராக்கெட்டில் கிரையோஜெனிக் என்ஜின் உள்ள பகுதியில் திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியிலும் இருக்கின்றன. அந்த டேங்குகள் 2219 என்ற செம்பு கலந்த அலுமினியக் கலவையில் செய்தவை, அதாவது முதல் ரகம். குளிரில் வலிமையும் ஏறுகிறது, விரிசலைத் தாங்கும் குணமும் கெடுவதில்லை. சாதாரண வெப்பநிலையில் டேங்கை அழுத்தம் கொடுத்துச் சோதித்துவிட்டால், குளிரில் அது இன்னும் நன்றாகவே தாங்கும் என்ற நம்பிக்கை கிடைக்கிறது. வெல்டிங் செய்த இடம் மட்டும் விதிவிலக்கு. அது தாய் உலோகத்தைப் போலவே நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, அதைத் தனியாகக் குளிரவைத்துச் சோதித்தே ஆக வேண்டும். உங்கள் ரப்பர் குழாய் உலோகமே இல்லை என்பதால் அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதில் நீளமான மூலக்கூறுகள் அசைய முடியாமல் உறைந்துவிடுகின்றன.

கேள்வி: டைட்டானிக் கப்பல் குளிரில் எஃகு உடையும் தன்மை அடைந்ததால்தான் மூழ்கியது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?
– வாசகர், தூத்துக்குடி

பாதி உண்மை. கடலடியிலிருந்து எடுத்த டைட்டானிக் தகடுகளைச் சோதித்தபோது, ஒரு திசையில் 32 டிகிரி செல்சியஸ், குறுக்குத் திசையில் 56 டிகிரி என்ற வெப்பநிலைகளுக்குக் கீழே போனாலே அந்த எஃகு நொறுங்கும் நிலைக்கு வந்துவிடுவது தெரிந்தது. நம் ஊர் வெயிலிலேயே அது நொறுங்கும் ரகம் என்று அர்த்தம். அதே சோதனையில் இன்றைய சாதாரணக் கட்டுமான எஃகு மைனஸ் 27 டிகிரி வரை தாக்குப்பிடித்தது. 1912 ஏப்ரலில் அந்தக் கடல்நீர் மைனஸ் 2 டிகிரி. ஆனால் கந்தகம் அதிகமுள்ள அந்த எஃகுதான் அன்றைக்குக் கிடைத்த நல்ல எஃகு, கப்பல் கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. தகடுகளைப் பிணைத்த தேனிரும்பு ரிவெட்டுகளில் கசடு அதிகம், அவை தலை தெறித்ததால் தகடுகளின் இணைப்பு பிரிந்தது என்ற பிந்தைய ஆய்வு எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது.

குளிரில் எஃகு உடைந்ததற்குச் சந்தேகமே இல்லாத கப்பல் வேண்டுமென்றால் ஸ்கெனெக்டடியைப் பாருங்கள். அமெரிக்காவில் போர்ட்லேண்டில் கட்டிய எண்ணெய்க் கப்பல், 1943 ஜனவரி 16 அன்று கடல் சோதனையெல்லாம் முடித்துவிட்டுத் துறையில் அமைதியாகக் கட்டிக் கிடந்தது. காற்று மைனஸ் 3 டிகிரி, தண்ணீர் 4 டிகிரி, அலை இல்லை, புயல் இல்லை. திடீரென்று பெரிய சத்தத்தோடு நடுவில் பிளந்து, முதுகு ஒடிந்த மாதிரி மடிந்து நின்றது. அதே காலத்தில் போருக்காக அவசர அவசரமாகக் கட்டிய 2,710 லிபர்ட்டி சரக்குக் கப்பல்களிலும் நிறைய விரிசல்கள். முதலில் எல்லோரும் வெல்டிங்கைத்தான் குற்றம் சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானிதான் கோளாறு எஃகிலேயே இருக்கிறது, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே அது நொறுங்கும் தன்மைக்கு மாறுகிறது என்று காட்டினார். வெல்டிங்குக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும், வெல்டு செய்த கப்பல் ஒரே தகடு மாதிரி, விரிசல் நிற்க இடமே இல்லை. சரக்கறை வாயிலின் சதுர மூலைகள் விரிசல் தொடங்க வசதியான இடமாக அமைந்தன. மூன்றும் சேர்ந்தால்தான் கப்பல் பிளக்கும்: நொறுங்கும் எஃகு, ஒரு கூரிய மூலை, இழுவிசை. இதில் ஒன்றை எடுத்துவிட்டாலும் தப்பிக்கலாம், பிற்பாடு மூலைகளை வளைவாக்கியும் நடுநடுவே ரிவெட் பட்டைகள் வைத்தும் அப்படித்தான் பல கப்பல்களைக் காப்பாற்றினார்கள்.

கேள்வி: எண்ணூரில் இருக்கும் எல்.என்.ஜி. (திரவ இயற்கை வாயு) டேங்கை இரும்பில் செய்திருப்பார்களா? அது உடைந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது.
– இல்லத்தரசி, திருவொற்றியூர்

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. உலகத்தில் ஒரு முறை அது நடந்தும் இருக்கிறது, அதற்குப் பிறகுதான் எல்லாம் மாறியது. 1944 அக்டோபர் 20, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம். போர்க்காலத்தில் வாயுவைச் சேமிக்க, மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கிய இயற்கை வாயுவைப் பெரிய தொட்டிகளில் வைத்திருந்தார்கள். அதில் ஒரு தொட்டி 3.5 சதவீத நிக்கல் கலந்த எஃகு. அது அந்தக் குளிரைத் தாங்கவில்லை, பிளந்தது. திரவம் தெருவில் ஓடிச் சாக்கடைக்குள் இறங்கி, வாயுவாகிப் பற்றிக்கொண்டது. ஏறத்தாழ 130 பேர் இறந்தார்கள். தொட்டியைச் சுற்றி, கசிந்ததைத் தடுத்து நிறுத்த ஒழுங்கான கரையும் இல்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் 9 சதவீத நிக்கல் எஃகு. நிக்கலைக் கூட்டக் கூட, எஃகு நொறுங்கத் தொடங்கும் வெப்பநிலை கீழே கீழே இறங்குகிறது. 9 சதவீதத்தில், சரியான சூட்டுப் பதமும் கொடுத்தால், மைனஸ் 196 டிகிரியிலும் அது தாக்குதலைத் தாங்கும். எல்.என்.ஜி.க்குத் தேவை மைனஸ் 162 மட்டுமே, ஆக 34 டிகிரி கையிருப்பு இருக்கிறது. எண்ணூரில் காமராஜர் துறைமுகத்தில் 2019-இல் வந்தது போன்ற பெரிய முனையங்களில் டேங்கை இரட்டைச் சுவராகக் கட்டுவார்கள். உள்ளே 9 சதவீத நிக்கல் எஃகுத் தொட்டி, வெளியே முன்னிறுக்கிய கான்கிரீட் தொட்டி, நடுவில் வெப்பம் புகாத பெர்லைட் தூள். உள்தொட்டி கசிந்தாலும் வெளித்தொட்டியே முழுத் திரவத்தையும் தாங்கும்படி வடிவமைப்பார்கள். கிளீவ்லாந்தில் இல்லாத பாதுகாப்பு இதுதான்.

எல்.என்.ஜி. ஏற்றி வரும் கப்பல்களைப் பார்த்திருப்பீர்கள், மேலே பெரிய பெரிய உருண்டைகள் இருக்கும். அந்த உருண்டைகள் அலுமினியம். உருண்டை இல்லாத கப்பல்களில் ஒரு ரகத்தின் உள்சுவர் 36 சதவீத நிக்கல் கலந்த இன்வார் என்ற உலோகம். சிறப்பு என்னவென்றால், குளிர்ந்தாலும் அது கிட்டத்தட்ட சுருங்குவதே இல்லை. அதைக் கண்டுபிடித்த ஷார்ல் கிய்யோமுக்கு 1920-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள்.

கேள்வி: ராக்கெட் என்றாலே எடை குறைவாக இருக்க வேண்டும் என்கிறார்கள். பிறகு ஏன் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஸ்டார்ஷிப்பை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்கிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

முதலில் அவர்களும் கார்பன் ஃபைபரில்தான் தொடங்கினார்கள், 2018 கடைசியில்தான் முடிவை மாற்றினார்கள். கணக்கைப் பாருங்கள். பதப்படுத்திய 304 ஸ்டெயின்லெஸ் அறை வெப்பநிலையில் அறுந்து போவதற்கு முன் ஏறக்குறைய 600 மெகாபாஸ்கல் தாங்கும், மைனஸ் 196 டிகிரியில் அதுவே 1500-ஐ நெருங்கிவிடும். 6061 என்ற பொது அலுமினியக் கலவை 310-இலிருந்து 400-ஐத் தாண்டும், அவ்வளவுதான். எரிபொருள் நிரம்பி நிற்கும் ராக்கெட்டில் டேங்கின் சுவர் குளிர்ந்துதான் இருக்கும், ஆகவே அந்தக் குளிர்ந்த வலிமையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் எஃகின் எடை அவ்வளவு பாரமாகத் தெரியாது. திரும்பி வரும்போது வளிமண்டலச் சூட்டில் அலுமினியம் இளகும், எஃகு இன்னும் வெகுநேரம் நிற்கும். விலையும் பல மடங்கு குறைவு, தொழிற்கூடத்தில் வெல்டு செய்வதும் எளிது. 9 மீட்டர் விட்டமுள்ள அந்த ராக்கெட்டின் சுவர் 4 மில்லிமீட்டர் அளவுதான்.

இது புதிய யோசனையும் இல்லை. 1950-களின் அட்லஸ் ராக்கெட்டின் டேங்க் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான், சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, உள்ளே அழுத்தம் இல்லையென்றால் தன் எடையைக்கூடத் தாங்காமல் பலூன் மாதிரி சுருங்கிவிடும்.

ஆனால் அலுமினியம் தோற்றுப்போன உலோகம் என்று நினைக்காதீர்கள். நாசாவின் விண்வெளி ஓடத்தின் வெளித் தொட்டியை முதலில் 2219 கலவையில் செய்தார்கள், 1998-இல் லித்தியம் சேர்த்த 2195 கலவைக்கு மாறியபோது ஒரே தொட்டியில் ஏறத்தாழ 3,400 கிலோ குறைந்தது. மறுபடியும் பயன்படுத்தாத, சூட்டில் திரும்பி வர வேண்டாத ராக்கெட்டின் மேல்பகுதிக்கு என் தேர்வு இன்றும் அலுமினியம்தான்.

கேள்வி: டேங்க் சரி. உள்ளே இருக்கும் போல்ட், கம்பி எல்லாம்?
– ஐ.டி.ஐ. மாணவர், திருச்சி

அருமையான கேள்வி, பலர் இதைக் கேட்பதே இல்லை. 2015 ஜூன் 28 அன்று ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட் ஒன்று சி.ஆர்.எஸ்-7 பயணத்தில் கிளம்பி 139 நொடியில் சிதறியது. திரவ ஆக்சிஜன் தொட்டிக்குள் ஹீலியம் பாட்டில்களைப் பிடித்திருந்த தாங்குகம்பி ஒன்று அறுந்ததுதான் காரணம் என்று சொன்னார்கள். ஏறக்குறைய நாலரை டன் தாங்க வேண்டியது, ஒரு டன்கூட வருவதற்கு முன்பே போய்விட்டது. நாசாவின் தனி ஆய்வுக்குழு சொன்னது இன்னும் முக்கியம். அந்தக் கம்பியின் முனைப்பகுதி 17-4 பி.எச். என்ற ஸ்டெயின்லெஸ்ஸில் வார்த்த, விமானத் தரம் இல்லாத, பொதுத் தொழில் தரப் பாகம். கடுங்குளிரில் வேலை செய்ய வேண்டிய இடத்தில் அதைப் போதுமான சோதனை இல்லாமல் வைத்ததுதான் வடிவமைப்புப் பிழை என்றது. பெயரில் ஸ்டெயின்லெஸ் இருந்தாலும் 17-4 பி.எச். உள்ளே 304-இன் சகோதரன் இல்லை, அடிப்படையில் இரும்பின் இரண்டாவது ரகத்துக்கு நெருக்கமான அமைப்பு. 'ஸ்டெயின்லெஸ்' என்பது துருப்பிடிக்காது என்று மட்டும்தான் சொல்கிறது, குளிரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கடையில் கேட்கும்போது ரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: லாத், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். திரவ நைட்ரஜன் குழாய் போகும் இடத்துக்கு ஒரு ஸ்டாண்டும் பிராக்கெட்டும் கேட்கிறார்கள். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகட்டில் செய்து பெயின்ட் அடித்துக் கொடுக்கலாமா? எடை ஒன்றும் அதிகமில்லை.
– பட்டறை உரிமையாளர், ஓசூர்

குளிர் படும் பகுதிக்கு எம்.எஸ். வேண்டாம். எடை குறைவு என்பது இங்கே காரணமே இல்லை, யாராவது ஸ்பேனரைத் தவறவிட்டால் போதும். குழாயைத் தொடும் பகுதியை 304எல்-இல் செய்து 308எல் ராடு போட்டு வெல்டு செய்யுங்கள், நடுவில் கனமான பைபர் அல்லது மரக் கட்டை கொடுத்துக் குளிர் கீழே இறங்காமல் தடுத்துவிட்டால் அதற்குக் கீழே ஸ்டாண்டு எம்.எஸ்.-ஆக இருக்கலாம். ஆனால் திரவம் கசிந்து மேலே சொட்டக்கூடிய இடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு ஹைடென்சில் போல்ட்டுகளை அந்த இடத்தில் மாட்டாதீர்கள், ஸ்டெயின்லெஸ் போல்ட் போதும்.

இன்னொன்று, சுருக்கம். ஒரு மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் அந்தக் குளிரில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் சுருங்கும், அலுமினியம் 4 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் இறுக்கி வெல்டு செய்தால் குழாய் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் நகர இடம் விடுங்கள்.

சாதாரணக் குளிர்சாதனக் கிடங்கு வேலைக்கு இவ்வளவு செலவு வேண்டாம். ஐ.எஸ். 2062 (கட்டுமான எஃகுக்கான இந்தியத் தரம்) தகடு வாங்கும்போது கடைசி எழுத்தைப் பாருங்கள். 'ஏ' என்றால் தாக்குச் சோதனை கட்டாயமில்லை, 'பி.ஆர்.' என்றால் கேட்டால் மட்டும் அறை வெப்பநிலையில் சோதிப்பது, கட்டாயச் சோதனை உள்ளவை 'பி.ஓ.' பூஜ்ய டிகிரியில், 'சி' மைனஸ் 20-இல். அந்தச் சோதனைக்கு சார்பி என்று பெயர்: 10 மில்லிமீட்டர் சதுரத் துண்டில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டு போட்டு, ஊசல் சுத்தியலால் அடித்து, உடைய எத்தனை ஜூல் எடுத்தது என்று பார்ப்பது. படிக்கும் காலத்தில் முதல்முறை மைனஸ் 196-இல் வைத்த எம்.எஸ். துண்டை அடித்தபோது சுத்தியல் நின்றதே தெரியவில்லை, எதுவும் இல்லாத இடத்தில் வீசிய மாதிரி போய்விட்டது. அடுத்து 304 துண்டு. சுத்தியல் பாதியில் நின்றது, துண்டு வளைந்திருந்தது, உடையவில்லை. அந்த இரண்டு துண்டுகளையும் இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: இதை வீட்டில் சோதித்துப் பார்க்க வழி உண்டா?
– எட்டாம் வகுப்பு மாணவி, நாமக்கல்

குளிரை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் பாப்பா, ஃபிரிட்ஜின் மைனஸ் 18 இதற்குப் போதாது, திரவ நைட்ரஜன் கையைப் புண்ணாக்கிவிடும். வேறொன்று செய்யலாம். காந்தம் ஒட்டாத பழைய எவர்சில்வர் ஸ்பூன் ஒன்றை அம்மாவிடம் கேட்டு வாங்கி, அப்பாவை விட்டு ஒரே இடத்தில் பல முறை முன்னும் பின்னும் வளைக்கச் சொல்லு. பிறகு அந்த மடங்கிய இடத்தில் நல்ல காந்தத்தை வைத்துப் பார். பெரும்பாலும் லேசாக இழுக்கும். வளைத்ததில் அந்த இடத்து அணுக்கள் முதல் ரகத்திலிருந்து வேறொரு அடுக்குக்கு மாறிவிட்டன. கடுங்குளிரில் 304-ஐ இழுக்கும்போது இதே மாற்றம் இன்னும் வேகமாக நடக்கிறது. மேலே சொன்ன 1500 மெகாபாஸ்கல் அதனால்தான் வருகிறது.

கேள்வி: இன்னும் குளிரில்? பூஜ்ய கெல்வினுக்குப் பக்கத்தில்?
– வாசகர், சிங்கப்பூர்

ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் துகள் மோதல் வளையத்தில் காந்தங்கள் 1.9 கெல்வினில், அதாவது மைனஸ் 271 டிகிரியில் ஓடுகின்றன. மொத்தமாகக் குளிரும்போது சுருக்கம் மட்டும் கூட்டினால் 80 மீட்டர் வரும், ஒவ்வொரு இணைப்பிலும் மடிப்புக் குழாய் வைத்து அதைச் சமாளிக்கிறார்கள். இங்கே 304-இன் அந்தக் காந்த மாற்றம் தொந்தரவு, ஆகவே இத்தகைய இடங்களில் மாறாத ரகங்களைத்தான் நாடுவார்கள், நைட்ரஜன் சேர்த்த 316எல்.என். அதில் ஒன்று. 4 கெல்வினில் இன்னொரு விசித்திரம்: உலோகத்தின் வெப்பக் கொள்ளளவு அங்கே மிகமிகக் குறைவு. இழுக்கும்போது உள்ளே பிறக்கும் துளி வெப்பம்கூட அந்த இடத்தைச் சட்டென்று சூடாக்கி இளக்கிவிடும். இழுவை வரைபடம் நேராகப் போகாமல் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும்.

2022-இல் அமெரிக்காவின் பெர்க்லி, ஓக் ரிட்ஜ் ஆய்வகங்களைச் சேர்ந்தவர்கள் குரோமியம், கோபால்ட், நிக்கல் மூன்றையும் சம அளவு கலந்த உலோகத்தை 20 கெல்வினில் சோதித்தார்கள். விரிசலைத் தாங்கும் அளவு 460 வரை போனது, விமான உடலுக்குப் போடும் அலுமினியத்துக்கு அதே அலகில் 35 அளவுதான். குளிரக் குளிர அந்தக் குணம் ஏறவும் செய்தது. கோபால்ட்டும் நிக்கலும் விற்கும் விலையில் அதில் டேங்க் கட்ட இன்னும் நாளாகும்.

கேள்வி: எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி வைத்திருக்கும் கேன் வெளியே அலுமினியம், கழுத்து மட்டும் வேறு ஏதோ. ஏன்?
– விவசாயி, ஈரோடு

உள்ளே இருப்பது திரவ நைட்ரஜன், மைனஸ் 196. உள்பாத்திரமும் அலுமினியம்தான், குளிருக்கு அது சரி, ஆனால் அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். கழுத்தும் அலுமினியமாக இருந்தால் வெளிச் சூடு அந்த வழியே இறங்கி நைட்ரஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் கழுத்தைக் கண்ணாடி இழை பைபரில் செய்கிறார்கள். இரண்டு பாத்திரத்துக்கும் நடுவில் வெற்றிடம், உள்பாத்திரம் முழுக்க அந்தக் கழுத்தில்தான் தொங்குகிறது. கேனைப் படுக்க வைத்து வண்டியில் ஏற்றினாலோ தரையில் உருட்டினாலோ முதலில் போவது அந்தக் கழுத்து ஒட்டு. வெற்றிடம் போய்விட்டால் கேனின் வெளிப்பக்கம் வேர்க்கும், பனி பிடிக்கும். அப்படிப் பார்த்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள், உள்ளே இருக்கும் சினை ஊசிக் குச்சிகளை வேறு கேனுக்கு மாற்ற நேரம் கிடைக்கும்.